உங்கள் பத்துப் பேர் யார்?



அக்டோபர் பிறந்துவிட்டது. அன்பியங்களில் மாலைதோறும் வீட்டுக்கு வீடு ஜெபமாலை நடக்கிறது. முதல் நாளே குழந்தை இயேசுவின் புனித தெரசாவின் விழா. கடைசிக்கு முந்தைய ஞாயிறு, திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1926-இல் ஏற்படுத்திய உலக மறைபரப்பு ஞாயிறு. அன்று வடகிழக்கிலோ ஆப்பிரிக்காவிலோ பணிபுரியும் அருள்தந்தை ஒருவர் நம் பங்குக்கு வந்து மறையுரை ஆற்றுவார். நாமும் மனம் உருகிக் கேட்போம். காணிக்கை உறையில் முடிந்ததை வைப்போம். வீடு திரும்புவோம். பெரும்பாலும் நம் மறைபரப்புப் பணி அத்துடன் நிறைவடைந்துவிடுகிறது.

இந்த மாதம் நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி அடிக்கடி தலைகாட்டும். “நான் விடியற்காலையில் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, ஓடிப்போய்ப் பஸ் பிடித்து வேலைக்குப் போகிறேன். இரவு வீடு வந்தால் உடம்பு சோர்ந்துபோகிறது. மறைப்பணி என்பதெல்லாம் சாமியார்களும் சிஸ்டர்களும் செய்ய வேண்டியது அல்லவா? என்னால் என்ன முடியும்?” வார்த்தைகள் மாறும். கேள்வி மாறாது. கேட்பவர்கள் யாரும் தட்டிக்கழிக்கக் கேட்பதில்லை. தங்களுக்கும் அழைப்பு உண்டு என்று மனம் சொல்கிறது, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம்.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் ஒரு மனிதரை நினைத்துப் பாருங்கள். கல்லறைகளில் குடியிருந்தவர், சங்கிலிகளுக்கும் அடங்காதவர். இயேசு அவரைக் குணமாக்குகிறார். இயேசு படகில் ஏறும்போது, தன்னையும் உடன் அழைத்துப் போகும்படி அவர் கெஞ்சுகிறார். சீடராகப் பின்தொடர இதைவிட நல்ல ஆள் யார்? ஆனால் இயேசு அவரைப் படகில் ஏற்றவில்லை. வீட்டுக்குப் போய், ஆண்டவர் செய்ததையெல்லாம் சொந்த மக்களிடம் சொல்லும்படி அனுப்பிவைக்கிறார். படகில் ஏறிய பன்னிருவருக்கு இருந்ததைப் போலவே, கரையில் நின்ற இவருக்கும் ஓர் அழைப்பு இருந்தது. அந்த அழைப்புக்கு உரிய இடம் அவருடைய ஊர். உரியவர்கள் அவரைப் பார்த்துப் பயந்து ஒதுங்கிய அதே மக்கள்.

நம்மில் பெரும்பாலோர் கரையில் நின்றவர்கள். நமக்கு ஒரு நாட்டையோ ஒரு கண்டத்தையோ இறைவன் தரவில்லை. சில ஆட்களைத் தந்திருக்கிறார். அவர்களிடம்தான் நம் பணி இருக்கிறது.

2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரே வாரத்துக்குள் திருச்சபை பீடத்தின் மகிமைக்கு உயர்த்தியவர்களில் மூன்று பேரை இங்கே நினைத்துப் பார்ப்போம். மே 15 அன்று உரோமையில் நம் தேவசகாயமும் சார்லஸ் தெ ஃபூக்கோவும் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள். அடுத்த ஞாயிறு, மே 22 அன்று, பிரான்சின் லியோன் நகரில் பவுலின் ஜரிக்கோ என்ற பெண்மணி அருளாளராக அறிவிக்கப்பட்டார். இந்த மூவரின் கதைகளையும் சேர்த்துப் படித்தால், நம் கடிதங்களில் வரும் கேள்விக்கு விடை கிடைக்கிறது.

முதலில் தேவசகாயம். கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712-இல் பிறந்தவர். நீலகண்டன் என்ற பெயரோடு திருவிதாங்கூர் அரசின் பணியில் இருந்தவர். அவருடைய சாட்சிய மரணத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அவருக்கு இயேசுவை அறிமுகப்படுத்தியவரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர் ஓர் அருள்பணியாளர் அல்ல. டிலனாய் என்ற போர்வீரர். 1741-இல் நடந்த குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் பக்கம் நின்று தோற்று, மார்த்தாண்ட வர்ம மகாராஜாவிடம் கைதியானவர். பிறகு அதே மகாராஜாவின் படைக்குப் பயிற்சி தருபவராக உயர்ந்தார். அந்தப் பணியில்தான் நீலகண்டனும் டிலனாயும் பழகினார்கள்.

நீலகண்டனுக்கு அப்போது கெட்ட காலம். கால்நடைகளும் பொருளும் இழந்து, மனம் உடைந்திருந்தார் என்கிறது வரலாறு. முகவாட்டத்தைக் கவனித்த டிலனாய், என்னவென்று விசாரித்தார். கேட்டு முடித்த பிறகு, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையைச் சொன்னார். அவ்வளவுதான் தொடக்கம். தன் மண்ணிலிருந்து வேரறுந்துபோன ஒரு வெளிநாட்டுக் கைதி, கூட வேலை பார்ப்பவரின் துயரத்தைக் கவனித்தார், காது கொடுத்துக் கேட்டார், தன்னைத் தாங்கிய நம்பிக்கையைப் பகிர்ந்தார். பல உரையாடல்களுக்குப் பிறகு, 1745-ஆம் ஆண்டு மே மாதம் வடக்கன்குளத்தில் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவருடைய மனைவியும் ஞானப்பூ அம்மாள் ஆனார்.

டிலனாய் படையையும் கோட்டைகளையும் கட்டியவர். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இன்றும் அவருடைய கல்லறை இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறித்த கல். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் நமக்குக் கிடைத்தது, டிலனாய் தான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மனிதரின் முகத்தைக் கவனித்துப் பார்த்ததால். நம் அலுவலகத்தில், பள்ளியின் ஆசிரியர் அறையில், கடைவீதியில் இப்படி எத்தனை முகங்களைக் கவனிக்காமல் கடந்து போகிறோம்! சக ஊழியர் ஒருவர் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை; பக்கத்து வீட்டு அக்கா சில நாளாகக் கோலம் போடுவதில்லை. “என்ன ஆச்சு?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்க நமக்கு நேரம் இருக்கிறதா? மறைப்பணியின் முதல் படி அதுதான்.

அடுத்து பவுலின். 1799-இல் லியோனில் ஒரு பட்டு வணிகரின் வீட்டில் பிறந்தவர். செல்லமாக வளர்ந்தவர், நல்ல உடைகளில் ஆசை கொண்டவர். பதினேழு வயதில் ஒரு தவக்கால மறையுரை அவரைத் தைத்தது. பட்டையும் நகையையும் விட்டு, தொழிலாளிப் பெண்களைப் போல உடுத்தத் தொடங்கினார். நோயாளிகளைத் தேடிப் போனார். குருத்துவப் பயிற்சியில் இருந்த அண்ணன் ஃபிலேயாஸ், ஆசியாவில் மறைப்பணியாளர்கள் படும் வறுமையைப் பற்றி எழுதுவார். தங்கைக்குக் கப்பலேற வழியில்லை. பெண், இளையவர், உடல்நலம் குன்றியவர். தனக்குத் தெரிந்தவர்களிடம் போனார்: பட்டு ஆலைகளில் வேலை பார்த்த பெண்களிடம். வாரத்துக்கு ஒரு சூ, அதாவது அந்நாளின் மிகச் சிறிய காசு ஒன்று, மறைப்பணிக்காகத் தரும்படி கேட்டார்.

ஒருநாள் மாலை, வீட்டில் எல்லோரும் சீட்டு விளையாடிக்கொண்டிருக்க, கணப்பின் அருகே அமர்ந்திருந்தபோது தனக்கு ஒரு வழி தோன்றியதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒருவர் பத்துப் பேரைப் பார்த்துக்கொள்வது. அப்படிப் பத்துக் குழுக்களுக்கு ஒருவர். அந்த நூறுகளில் பத்துக்கு இன்னொருவர். யாருக்கும் கூட்டத்தைச் சமாளிக்கும் சுமை இல்லை. ஒவ்வொருவருக்கும் பத்து ஆட்கள்தான், பெயர் தெரிந்தவர்கள், வீடு தெரிந்தவர்கள். காசு மட்டும் கைமாறவில்லை. தொலைதூரப் பணித்தளங்களின் செய்திகள் அந்தப் பத்துப் பேரிடையே படிக்கப்பட்டன, அன்றாட ஜெபமும் சேர்ந்துகொண்டது. அதிலிருந்து பிறந்ததே 1822-ஆம் ஆண்டு மே 3 அன்று லியோனில் முறைப்படி தொடங்கிய நம்பிக்கை பரப்புதல் சங்கம். சரியாக நூறாண்டு கழித்து, 1922-இல், பதினொன்றாம் பயஸ் அதைத் திருத்தந்தையின் சங்கமாக உயர்த்தினார். மறைபரப்பு ஞாயிறன்று நாம் இடும் காணிக்கை இன்றும் இந்தச் சங்கத்தின் வழியாகத்தான் போய்ச் சேருகிறது. நம் பாண்டிச்சேரி, மதுரை மறைப்பணித்தளங்களும் 19-ஆம் நூற்றாண்டில் அந்த உதவியால் பலன் பெற்றவை. லியோனின் ஆலைத் தொழிலாளிப் பெண் ஒருத்தி, கூலியிலிருந்து எடுத்துவைத்த காசில் கட்டிய கோயிலில் நம் பாட்டியோ பூட்டியோ திருமுழுக்குப் பெற்றிருக்கலாம். அவள் பெயர் நமக்குத் தெரியாது. நம் ஊர் அவளுக்குத் தெரியாது. ஆனால் அவளை ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. அவளைப் பத்தில் ஒருத்தியாக எண்ணி, வாரம் தவறாமல் தேடி வந்தாள்.

பவுலின் அத்துடன் நிற்கவில்லை. 1826-இல் ‘வாழும் ஜெபமாலை’யைத் தொடங்கினார். பதினைந்து பேர் ஒரு குழு. அந்நாளில் இருந்த பதினைந்து மறையுண்மைகளில் ஆளுக்கு ஒன்று. நேரமில்லாதவருக்கும் ஒரு பத்து மணி சொல்ல முடியும். எல்லோரும் சொல்லி முடிக்கும்போது முழு ஜெபமாலை நிறைந்துவிடும். நேரமில்லை என்று எழுதும் வாசகர்களின் நிலையை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் புரிந்துகொண்டிருக்கிறார்.

மூன்றாமவர் சார்லஸ் தெ ஃபூக்கோ. நம்பிக்கையை இழந்து, பிறகு மீண்டும் கண்டடைந்த பிரெஞ்சுப் படை அதிகாரி. 1901-இல் குருவானார். 1905 முதல் அல்ஜீரியாவின் பாலைவனத்தில், தமன்ராசெட்டில், துவாரெக் மக்களிடையே வாழ்ந்தார். அவர்கள் மொழியைக் கற்றார், அகராதி தொகுத்தார், அவர்களுடைய பாடல்களைச் சேகரித்தார். 1908 தொடக்கத்தில் கடும் பஞ்சம். கையில் இருந்ததை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, உடல் நலிந்து, சாகும் நிலையில் படுத்துவிட்டார். அப்போது அந்த இஸ்லாமிய மக்கள், தங்களுக்கே பால் கிடைக்காத நேரத்தில், சுற்றுப்புறமெங்கும் தேடி ஆட்டுப்பால் கொண்டுவந்து கொடுத்து அவரைப் பிழைக்கவைத்தார்கள். கொடுக்கப் போனவர், வாங்கிப் பிழைத்தார். உண்மையான நட்பு அங்கேதான் ஆழப்பட்டது.

இந்த நிகழ்ச்சி நமக்கு மிகவும் தேவை. மறைப்பணி என்றதும், நம்மிடம் இருப்பதை இல்லாதவருக்குக் கொடுப்பது என்றே நினைக்கிறோம். நம் அயலாரிடம் வாங்கவும் தெரிய வேண்டும். பக்கத்து வீட்டிலிருந்து வரும் பொங்கலையும் ரம்ஜான் பிரியாணியையும் மனமார ஏற்றுக்கொள்பவர்தான், கிறிஸ்துமஸ் பலகாரத்தோடு அந்த வாசற்படியில் உறவாக ஏற முடியும். அவர்களுடைய பக்தியைப் பார்த்து வியக்கவும், அவர்களுடைய அன்பால் தேறவும் தெரிந்தவரின் வார்த்தையைத்தான் அவர்களும் மதிப்பார்கள்.

அதே ஃபூக்கோ, 1912-இல் லியோன் நகரத்துப் பொதுநிலை நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், குருக்கள் நுழைய முடியாத இடங்களுக்குப் போகப் பிரிஸ்கில்லாவும் அக்கிலாவும் போன்றவர்கள் தேவை என்று வலியுறுத்தினார். திருத்தூதர் பணிகள் 18-ஆம் அதிகாரத்தில் வரும் அந்தக் கணவன் மனைவி கூடாரம் செய்யும் தொழிலாளிகள். கொரிந்தில் பவுல் அவர்கள் வீட்டில் தங்கி, அவர்களோடு அதே தொழிலைச் செய்தார். எபேசில், நன்றாகப் பேசத் தெரிந்த அப்பொல்லோவுக்கு இன்னும் சில விஷயங்கள் புரியவில்லை என்று கண்டபோது, அவர்கள் அவரைத் தனியே அழைத்துப்போய் விளக்கினார்கள். தொழிலும் குடும்பமும் அவர்களுடைய மறைப்பணிக்கு இடைஞ்சலாக இருக்கவில்லை. அவற்றின் வழியாகவே அது நடந்தது.

அன்பு வாசகர்களே, இந்த மூவரையும் மனத்தில் வைத்து, இந்த மாதத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நாள்தோறும் ஜெபமாலை சொல்கிறோம். ஒரு பத்தில் பத்து மணிகள். ஒரு தாளில் பத்துப் பெயர்களை எழுதுங்கள். இறைவன் உங்கள் அன்றாட வாழ்வில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் பத்துப் பேர். எல்லாரும் கிறிஸ்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. பவுலின் அறிந்திருந்ததைப் போல, முகமும் வீடும் வருத்தமும் தெரிந்தவர்களாக இருக்கட்டும். தெரியாவிட்டால், தெரிந்துகொள்ளத் தொடங்குங்கள். தினமும் ஒரு பத்தில், ஒரு மணிக்கு ஒரு பெயர். மாதம் முழுவதும் அதே பத்துப் பேர்.

ஒருவருக்காக நாள்தோறும் ஜெபித்தால் ஒன்று நடக்கும்: அவரை நம்மால் கவனிக்காமல் இருக்க முடியாது. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் சகோதரி ஒருவரை அறிவேன். வார்டில் துணைக்கு ஆளில்லாமல் கிடக்கும் நோயாளிகளிடம் போய், முதலில் பெயரைக் கேட்பார். அன்றைய ஜெபத்தில் அந்தப் பெயர் சேர்ந்துவிடும். மறுநாள் போகும்போது பெயர் சொல்லி அழைத்து, டீயும் பன்னும் வாங்கிக் கொடுப்பார். மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். “ஏன்மா, யாரும் பார்க்காத என்னை நீ மட்டும் ஏன் பார்க்கிறாய்?” என்று ஒரு முதியவர் கேட்டிருக்கிறார். “எங்க சாமி அப்படித்தான் சொல்லியிருக்கார் ஐயா” என்பது அவருடைய பதில். கேட்கப்பட்டபோது சொன்னார், உண்மையைச் சொன்னார், சுருக்கமாகச் சொன்னார். நம்மில் உள்ள எதிர்நோக்குக்கு விளக்கம் கேட்பவருக்குப் பணிவோடும் மரியாதையோடும் பதில் தரத் தயாராக இருக்கும்படி பேதுருவின் முதல் திருமுகம் அறிவுறுத்துவதும் இதைத்தானே!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பத்துப் பேரின் பெயரை எழுதுவது, அவர்களை நம் பக்கம் இழுப்பதற்கான திட்டம் அல்ல. ஆசை காட்டுவதும், வறுமையைப் பயன்படுத்திக்கொள்வதும், பிறர் வணங்குவதைப் பழிப்பதும் நற்செய்திக்கே எதிரானவை. சமய நம்பிக்கையில் எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் உறுதியாக அறிவித்தது. மறைப்பணி பற்றிய சங்கத்தின் ஏடும் அதே நாளில்தான் வெளியானது. இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. அன்பு கணக்குப் பார்த்தால் அது அன்பாக இருக்காது. அதே நேரத்தில், நமக்கு வாழ்வு தரும் ஆண்டவரைப் பற்றிப் பேச நேரம் வரும்போது, கூச்சத்தால் வாயை மூடிக்கொள்வதும் நட்புக்கு அழகல்ல. டிலனாய் கேட்கவும் செய்தார், சொல்லவும் செய்தார்.

பட்டியலை எழுதி முடித்ததும் ஒருமுறை பாருங்கள். பத்துப் பேரும் நம் சொந்தத்துக்குள்ளும் நம் சாதிக்குள்ளும் அடங்கிவிட்டால், கொஞ்சம் நிதானியுங்கள். புனித தேவசகாயம் சாதி வேற்றுமை பாராமல் எல்லாரோடும் உறவாடினார். அன்றைய சமூகத்தின் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம். அவருக்கு விழா எடுக்கும் நம் பங்குகளில் தேர்ப்பவனியிலும் கல்லறைத் தோட்டத்திலும் சாதி இன்னும் எல்லைக்கோடு போடுகிறது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். இந்தக் கோட்டை அழிக்காமல் நாம் அறிவிக்கும் நற்செய்தியை யார் நம்புவார்கள்? பட்டியலில் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒருவருடைய பெயரைச் சேருங்கள். அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுங்கள். அதுவும் மறைப்பணி, நம் ஊரில் மிகவும் தேவையான மறைப்பணி.

“இப்படிச் செய்தால் என்ன பலன் கிடைக்கும்?” என்று கேட்கத் தோன்றும். மூவரின் முடிவையும் பாருங்கள். தேவசகாயம் மூன்றாண்டுச் சித்திரவதைக்குப் பிறகு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். டிலனாய் தன் நண்பரை இழந்தார். பவுலின், தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய ஆலைத் திட்டத்தில் ஏமாற்றப்பட்டு, எல்லாவற்றையும் இழந்து, 1862-இல் ஏழையாக இறந்தார். அவர் உருவாக்கிய சங்கத்தின் தொடக்கத்தில் அவருக்கு இருந்த பங்கையே பலர் மறந்திருந்தார்கள். ஃபூக்கோ 1916 டிசம்பர் முதல் நாள் கொல்லப்பட்டபோது, அவரைப் பின்பற்ற ஒரு துறவு சகோதரர்கூட உடன் இல்லை. எண்ணிக்கை வைத்து அளந்தால் மூவரும் தோற்றவர்கள். அவர்கள் பலனை எண்ணவில்லை. தங்களுக்குத் தரப்பட்ட ஆட்களைக் கடைசிவரை கைவிடவில்லை. அவ்வளவுதான் நம்மிடமும் கேட்கப்படுகிறது. மற்றதைச் செய்ய ஆண்டவர் இருக்கிறார்.

ஆகவே, “என்னால் என்ன முடியும்?” என்று எழுதிய அன்புச் சகோதரியே, சகோதரரே, பத்துப் பேரைப் பார்த்துக்கொள்ள உங்களால் முடியும். அடுப்படியில் நின்றபடியும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டும் பத்துப் பெயர்களைச் சொல்லி ஜெபிக்க முடியும். அவர்களில் ஒருவரிடம் இந்த வாரம் “என்ன ஆச்சு?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்க முடியும். உறையில் வைக்கும் காணிக்கையை, முன்பின் தெரியாத ஊரில் பணிபுரியும் ஒருவருக்காக ஒரு ஜெபத்தோடு சேர்த்து வைக்க முடியும். உங்கள் அன்பியத்தில் பத்துக் குடும்பங்கள் இப்படித் தொடங்கினால், அந்தத் தெருவில் நூறு பேர் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவரால் நினைக்கப்படுவார்கள்.

இன்றே எழுதுங்கள். முதல் ஒன்பது பெயர்கள் எளிதாக வந்துவிடும். பத்தாவது இடத்தில், நீங்கள் பேசாமல் இருக்கும் ஒருவரின் பெயரை எழுதுங்கள். மாதம் முழுக்க அந்தப் பெயரையும் விடாமல் ஜெபித்து, மறைபரப்பு ஞாயிறு திருப்பலிக்குப் போகும் முன் அவருடன் பேசிவிடுங்கள்.

ஆண்டவர் உங்களையும் உங்கள் பத்துப் பேரையும் ஆசீர்வதிப்பாராக.

அன்புடன்,
ஆசிரியர்